மறதி என்றாலே அல்சைமர்தானா? அதே போலத் தெரியும் வேறு மூளை நோய்கள்: பள்ளிப்பட்டு குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"வயசாயிடுச்சு, மறதி வரத்தான் செய்யும்." கிராமத்து வீடுகளில் பெரியவர்களின் மறதிக்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் இதுதான். நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் வீட்டில் வேறொரு வார்த்தை வந்து ஒட்டிக்கொள்கிறது: "அல்சைமர்."

இந்த இரண்டு பதிலுமே தப்பாக இருக்கலாம் என்கிறது கடந்த 20 வருட மூளை ஆராய்ச்சி. அல்சைமர் மாதிரியே தெரியும், ஆனால் அல்சைமர் இல்லாத நோய்கள் பல உண்டு. சிலவற்றை ஊசி, மாத்திரையிலேயே சரி செய்யலாம். சிலவற்றில் தப்பான மருந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

திருவள்ளூர் மாவட்டத்தின் ஆந்திர எல்லையில் இருக்கும் பள்ளிப்பட்டு போன்ற ஊரில், மூளை நரம்பியல் டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும். அங்கே இருக்கும் குடும்பங்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருப்பது ரொம்ப முக்கியம். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டிமென்ஷியா வேற, அல்சைமர் வேறயா?

ஆமாம். டிமென்ஷியா என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. காய்ச்சல் மாதிரி அது ஒரு நிலை. காய்ச்சலுக்கு டெங்கு காரணமாக இருக்கலாம், டைஃபாய்டு காரணமாக இருக்கலாம். அதே போல நினைவு, பேச்சு, முடிவெடுக்கும் திறன் ஆகியவை அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்குக் குறைந்தால் அது டிமென்ஷியா. அதற்குக் காரணமான நோய்களில் ஒன்றுதான் அல்சைமர். உலக அளவில் அதிகம் காணப்படுவதும் அதுதான்.

1906-ல் ஜெர்மனி டாக்டர் அலோயிஸ் அல்சைமர் இந்த நோயை முதன்முதலில் விவரித்தார். மறதியாலும் குழப்பத்தாலும் அவதிப்பட்டு, 55 வயதில் இறந்த ஒரு பெண்ணின் மூளையை அவர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். அமிலாய்டு என்ற புரதம் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. நரம்பு செல்களுக்குள் முறுக்கிய இழைகள் இருந்தன. அவை டாவ் என்ற புரதத்தால் ஆனவை என்று பிறகு தெரிந்தது. இந்த இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் அது அல்சைமர்.

பிரச்சினை இங்கேதான். இந்தப் புரதங்கள் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டாக்டர் பார்ப்பது மறதியைத்தான். ஒரே மாதிரி மறதிக்குப் பின்னால் வேறு வேறு புரதங்கள் இருக்க முடியும்.

'லேட்' – புதிதாகப் பெயர் வைக்கப்பட்ட நோய்

சில மூளை நோய்களில் படிந்திருப்பது டிடிபி-43 என்ற புரதம் என்று 2006-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். நம் எல்லோர் உடம்பிலும் இருக்கும் புரதம்தான் அது. செல்லின் உட்கருவில் இருக்க வேண்டிய இந்தப் புரதம், இடம் மாறி வெளியே வந்து கட்டியாகச் சேரும்போது நரம்பு செல்கள் சாகின்றன.

முதலில் சில அரிய நோய்களில்தான் இதைப் பார்த்தார்கள். ஆனால் 80 வயதைத் தாண்டி இறந்தவர்களின் மூளைகளை ஆராய ஆராய, நிறைய பேரிடம் இந்தப் புரதம் படிந்திருந்தது தெரிந்தது. உயிரோடு இருந்தபோது அவர்களில் பலருக்கு 'அல்சைமர்' என்றே எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

2019 ஏப்ரலில், அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் நெல்சன் தலைமையிலான சர்வதேசக் குழு 'பிரெய்ன்' இதழில் இதற்குத் தனிப் பெயர் கொடுத்தது. நீளமான ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் 'லேட்'. பெயருக்கு ஏற்ற மாதிரி தாமதமாக, 80 வயதுக்கு மேல்தான் இது பெரும்பாலும் வருகிறது. அந்த வயதைத் தாண்டியவர்களில் 20 சதவீதத்துக்கும் அதிகமானோருக்கு இந்தப் பாதிப்பு இருக்கலாம் என்பது அந்தக் குழுவின் மதிப்பீடு.

எப்படித் தெரியும்? உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா பகுதியில் ஆரம்பித்து, நினைவுகளைப் பதியும் ஹிப்போகாம்பஸுக்குப் பரவுகிறது. அதனால் முதல் அறிகுறியே மறதிதான். பேச்சும் நடத்தையும் ரொம்ப நாள் வரை ஓரளவு சரியாக இருக்கும். இது மட்டும் இருந்தால் அல்சைமரை விட மெதுவாகப் போகும். அல்சைமரும் சேர்ந்துகொண்டால் வேகமாக மோசமாகும். வயதானவர்களின் மூளையில் ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள் சேர்ந்திருப்பதுதான் சகஜம் என்பதும் இந்த ஆய்வுகள் சொன்ன முக்கியமான சேதி.

அல்சைமர் போலத் தெரியும் மற்ற நோய்கள்

லூயி பாடி டிமென்ஷியா: இல்லாத ஆட்கள், குழந்தைகள், பிராணிகள் கண்ணுக்குத் தெரியும். ஒரு நாள் தெளிவாகப் பேசுவார், மறுநாள் ஒன்றும் புரியாத மாதிரி இருப்பார். நடை தளரும், கை கால் விறைக்கும். தூக்கத்தில் கத்துவது, கை காலை வீசி அடிப்பது பல வருடம் முன்னாடியே ஆரம்பித்திருக்கும். "காத்து கருப்பு அடிச்சிருச்சு" என்று மந்திரிக்கக் கூட்டிப் போவதும் நடக்கிறது. இதற்குக் காரணம் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற வேறொரு புரதம்.

ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா: பெரும்பாலும் 45-லிருந்து 65 வயதுக்குள் வருகிறது. ஆரம்பத்தில் மறதி இருக்காது. குணம்தான் மாறும். கூச்சம் போய்விடும், பாசம் குறையும், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். சிலருக்குப் பேச்சு திணறும். ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸுக்கு இந்த நோய் இருப்பதாக அவரது குடும்பம் 2023 பிப்ரவரியில் அறிவித்தது. நம் ஊரில் இதைத் திமிர், குடிப்பழக்கம், மனநோய் என்று தப்பாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

ரத்தக்குழாய் டிமென்ஷியா: சின்னச் சின்ன பக்கவாதங்களால் மூளையின் சில பகுதிகளுக்கு ரத்தம் போகாமல் வருவது. படி இறங்குவது மாதிரி மோசமாகும். கொஞ்ச நாள் அப்படியே இருக்கும், திடீரென ஒரு படி கீழே போகும். பி.பி., சுகர் உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

சரி செய்யக்கூடிய மறதிகளும் உண்டு

மறதியோடு வரும் ஒவ்வொருவருக்கும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வைட்டமின் பி12 குறைபாடு: சுத்த சைவம் சாப்பிடுபவர்களுக்கு வரலாம். சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறையலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

தைராய்டு சுரப்பு குறைவது: மந்தம், மறதி, சோர்வு. இதற்கும் ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் உண்டு.

தலையில் அடி: பாத்ரூமில் வழுக்கி விழுந்து சில வாரம் கழித்துக் குழப்பம் ஆரம்பித்தால், மூளையின் மேலுறைக்குக் கீழே ரத்தம் மெல்லக் கசிந்து சேர்ந்திருக்கலாம். ஸ்கேனில் தெரியும். ஆபரேஷன் செய்து எடுக்கலாம்.

மூளைக்குள் நீர் சேர்வது: கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நடை, சிறுநீரை அடக்க முடியாமை, மறதி மூன்றும் சேர்ந்து வந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். நீரை வடிக்கும் குழாய் வைத்தால் பலருக்கு நடையே மாறும்.

மன அழுத்தம்: கணவனை, மனைவியை இழந்த பெரியவர்களுக்கு வரும் மனச்சோர்வு அச்சு அசல் டிமென்ஷியா மாதிரியே தெரியும்.

மருந்துகள்: தூக்க மாத்திரை, சில அலர்ஜி மாத்திரைகள், விறைப்புக்கும் நடுக்கத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் வயதானவர்களைக் குழப்பும். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கிச் சாப்பிடுவதும் இதில் சேரும்.

பேர் மாறினால் என்ன கெட்டுவிடும்?

"எல்லாமே மறதி நோய்தானே, எந்தப் பேரா இருந்தா என்ன?" என்று கேட்கலாம். மூன்று காரணங்களால் பெயர் முக்கியம்.

ஒன்று, உயிர். லூயி பாடி நோயாளி இல்லாத ஆட்களைப் பார்த்துக் கத்தும்போது, அடக்குவதற்கு ஹாலோபெரிடால் போன்ற மருந்து கொடுக்கப்படுவது உண்டு. சாதாரணமாக மனநோய்க்குப் பயன்படும் இந்த மருந்து, லூயி பாடி உள்ளவர்களுக்குக் கடுமையான விறைப்பையும் மயக்கத்தையும் கொடுத்து உயிரையே எடுக்கலாம்.

இரண்டு, பணம். அமிலாய்டு புரதத்தை மூளையிலிருந்து நீக்கும் லெகானமாப் மருந்துக்கு 2023-லும், டொனானமாப் மருந்துக்கு 2024-லும் அமெரிக்கா முழு அனுமதி கொடுத்தது. ரொம்ப விலை அதிகம். ஆரம்ப கட்ட அல்சைமருக்கு மட்டும்தான். மூளையில் வீக்கம், ரத்தக்கசிவு வரும் ஆபத்தும் உண்டு. நோயை நிறுத்தாது, வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். மறதிக்குக் காரணம் 'லேட்' மட்டும் என்றால், அங்கே நீக்க அமிலாய்டே இல்லை. செலவும் ஆபத்தும்தான் மிச்சம்.

மூன்று, ஆராய்ச்சி. பாபினியூசுமாப் என்ற பழைய அல்சைமர் மருந்தின் சோதனையில், அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் ஏபிஓஇ4 மரபணு இல்லாதவர்களில் ஸ்கேன் எடுக்கப்பட்டவர்களைப் பார்த்தபோது, மூன்றில் ஒருவருக்கு மேல் மூளையில் போதுமான அமிலாய்டே இல்லை. அதாவது நோயே இல்லாதவர்களிடம் நோய்க்கான மருந்தைச் சோதித்திருக்கிறார்கள். இப்போது ஸ்கேன் அல்லது ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்த பிறகே இத்தகைய சோதனைகளில் ஆள் சேர்க்கிறார்கள்.

தமிழ்நாட்டில் ஆய்வு நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. அதுவும் கிராமங்களில்.

சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் பகுதியில் எஸ்.ராஜ்குமார், எஸ்.குமார், ஆர்.தாரா ஆகியோர் நடத்திய ஆய்வு 1997-ல் வெளியானது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருந்ததாக அது சொன்னது. "டிமென்ஷியா எல்லாம் வெளிநாட்டு நோய்" என்ற எண்ணம் இருந்த காலம் அது.

அடுத்தது '10/66' ஆய்வுக் குழு. பெயரே ஒரு புகார்தான். டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் ஏழை, நடுத்தர நாடுகளில் இருக்கிறார்கள், ஆனால் மக்களிடையே நடக்கும் ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்பதுதான் அதன் பொருள். இந்தியாவில் இந்த ஆய்வு நடந்த இரண்டு இடங்களுமே தமிழ்நாட்டில்தான் இருக்கின்றன. ஒன்று சென்னை நகரம், இன்னொன்று வேலூர் கிராமப்புறம்.

2008-ல் 'லான்செட்' இதழில் வந்த இதன் முடிவு யோசிக்க வைக்கிறது. அமெரிக்க மனநல வரையறைப்படி கணக்குப் போட்டால், இந்திய கிராமப்புறத்தில் 65 வயதுக்கு மேல் டிமென்ஷியா உள்ளவர்கள் வெறும் 0.3 சதவீதம். ஆனால் படிப்பறிவு, பண்பாட்டு வித்தியாசங்களைக் கணக்கில் எடுத்த 10/66 முறைப்படி பார்த்தால், ஆய்வு நடந்த எந்த இடத்திலும் 5.6 சதவீதத்துக்குக் கீழே வரவில்லை.

ஒரே மக்கள், இரண்டு கணக்கு. ஏன்? டிமென்ஷியா என்று சொல்ல 'அன்றாட வேலை கெட்டுப்போயிருக்க வேண்டும்' என்கிறது அமெரிக்க வரையறை. நம் ஊரில் பாட்டிக்குச் சோறு போட்டுக் கொடுக்க மருமகள் இருக்கிறார், பென்ஷன் வாங்கி வர பேரன் இருக்கிறான். "வேலை செய்ய முடியுதா?" என்று கேட்டால், "அவங்க ஏன் செய்யணும், நாங்க இருக்கோமே" என்பதுதான் பதில். குடும்பத்தின் பாசமே நோயை மறைத்துவிடுகிறது.

60 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர் டிமென்ஷியாவோடு இருப்பதாக நாடு தழுவிய லாசி-டாட் ஆய்வு 2023-ல் மதிப்பிட்டது. ஆண்களை விடப் பெண்களிடமும், நகரத்தை விடக் கிராமத்திலும் பாதிப்பு அதிகம் என்பதும் அதில் தெரிந்தது. ஆனால் அவர்களில் எத்தனை பேருக்கு அல்சைமர், எத்தனை பேருக்கு 'லேட்' என்று பிரிக்க, இறந்த பிறகு மூளையை ஆராய வேண்டும். அதற்கு மூளை தானம் தேவை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 1995-லிருந்து மூளை வங்கி இயங்கி வருகிறது. கண் தானம் பற்றித் தெரிந்த அளவுக்கு இதைப் பற்றி நம் மக்களுக்குத் தெரியாது.

பள்ளிப்பட்டுக்கு நெருக்கமான மூன்று விஷயங்கள்

முதலாவது, இரண்டு மொழி. பள்ளிப்பட்டு பக்கம் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவது சாதாரணம். ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழு 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் ஒரு முடிவை வெளியிட்டது. ஒரு மொழி மட்டும் பேசுபவர்களை விட, இரண்டு மொழி பேசுபவர்களுக்கு டிமென்ஷியா சராசரியாக நாலரை வருடம் தாமதமாக ஆரம்பித்திருந்தது. அல்சைமர், ஃப்ரன்டோடெம்போரல், ரத்தக்குழாய் என்று மூன்று வகையிலும் இந்தத் தாமதம் தெரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அப்படியே. இது நோய் வராது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் பேரப்பிள்ளைகளோடு இரண்டு மொழியிலும் பேசுவதைப் பெரியவர்கள் விட வேண்டாம்.

டாக்டரிடம் போகும்போதும் இதை ஞாபகம் வைக்கணும். வீட்டில் தெலுங்கு பேசும் பெரியவரிடம் தமிழில் மட்டும் கேள்வி கேட்டால், தெரிந்த பதிலைக்கூடச் சொல்ல மாட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் படம் வரையச் சொல்லி மார்க் குறைப்பதும் சரியான சோதனை இல்லை. அதை முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, காது. டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்று 2024-ல் லான்செட் ஆணையம் சொன்னது. அது பட்டியலிட்ட 14 காரணங்களில் ஒன்று காது கேளாமை. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை பகுதிகளில் விசைத்தறிதான் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் இருந்தால் காது மந்தமாகும். காதில் அடைப்பான் போடுவது, கேட்பது குறைந்தால் காது மிஷின் வைப்பது இரண்டும் மூளைக்கும் நல்லது. காது கேட்காததையே மறதி என்று நினைத்துவிடுவதும் உண்டு.

மூன்றாவது, சுகரும் பி.பி.யும். தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கு சுகர் இருப்பதாக ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-ல் சொன்னது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வந்த மாத்திரையை விடாமல் சாப்பிடுவது இதயத்துக்கு மட்டும் இல்லை, மூளைக்கும்தான்.

மறதி என்றால் முதலில் எங்கே போவது?

எடுத்தவுடனே எம்.ஆர்.ஐ. எடுக்க ஓட வேண்டாம். பள்ளிப்பட்டு அல்லது திருத்தணி அரசு மருத்துவமனையில் ஆரம்பிக்கலாம். சுகர், பி.பி., தைராய்டு, பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த கட்டமாக, 2022-ல் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. முதியோருக்கென்றே சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியிலிருந்து இயங்குகிறது.

போகும்போது கையில் இருக்க வேண்டியவை:

– சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும். நாட்டு மருந்து, மெடிக்கலில் தானாக வாங்கியது உட்பட.

– மறதி எப்போது ஆரம்பித்தது, மெதுவாகவா, திடீரென்றா?

– முதலில் மாறியது எது? ஞாபகமா, குணமா, பேச்சா, நடையா?

– இல்லாத ஆட்கள் தெரிகிறார்களா? தூக்கத்தில் கத்துகிறாரா?

– கடந்த மூன்று மாதத்தில் எங்காவது விழுந்தாரா?

இந்தக் கேள்விகளுக்கான பதில்தான் டாக்டருக்குப் பாதி நோயைச் சொல்லிவிடும். அதனால் கூட இருந்து பார்த்துக்கொள்பவரே நோயாளியோடு போவது நல்லது. முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணிலும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணிலும் இலவசமாகப் பேசலாம்.

அடுத்து என்ன வரப்போகிறது?

அல்சைமருக்கு ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. அமெரிக்க மருந்து ஆணையம் 2025 மே மாதத்தில் முதல் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் 'லேட்' நோய்க்குக் காரணமான டிடிபி-43 புரதத்தை உயிரோடு இருப்பவரிடம் நேரடியாகக் காட்டும் ஸ்கேனோ, ரத்தப் பரிசோதனையோ டாக்டர்கள் கையில் இன்னும் இல்லை. வயது, அறிகுறி, ஹிப்போகாம்பஸ் எவ்வளவு சுருங்கியிருக்கிறது, அல்சைமர் பரிசோதனை நெகட்டிவா ஆகியவற்றைச் சேர்த்துக் கணிக்கும் வழிமுறைகளை 2024-லிருந்து ஆய்வாளர்கள் வெளியிட்டு வருகிறார்கள்.

மருந்து? கென்டக்கி பல்கலைக்கழகம் நிக்கோராண்டில் என்ற மாத்திரையை இந்த வகை மறதிக்குச் சோதித்தது. நம் ஊரில் நெஞ்சுவலிக்காக டாக்டர்கள் எழுதும் அதே மாத்திரைதான். இது ஆராய்ச்சி மட்டுமே. மறதிக்கு இதை யாரும் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

சுருக்கமாகச் சொன்னால்

அன்றாட வேலையைக் கெடுக்கும் மறதி வயசின் பரிசு இல்லை, நோயின் அறிகுறி. அந்த நோய் அல்சைமராகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. சரி செய்யக்கூடிய காரணம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாத ஆட்கள் தெரிகிறார்கள் என்றால் அதை டாக்டரிடம் சொல்லாமல் எந்த மாத்திரையும் ஆரம்பிக்காதீர்கள். முழுதாகக் குணப்படுத்த முடியாத நோயாக இருந்தாலும், அதன் பெயர் சரியாகத் தெரிந்தால் எதை எதிர்பார்க்கலாம், எதைத் தவிர்க்கலாம், எவ்வளவு செலவு செய்யலாம் என்று குடும்பம் முடிவெடுக்க முடியும்.